ஸ்கேன் ரிப்போர்ட்டில இருக்கிற அந்த இலக்கத்தை ஆர் சரிபார்க்கிறது?

மூண்டாம் மாச ஸ்கேனில பிள்ளையிட கழுத்துக்குப் பின்னால அளக்கிற ஒரு அளவு இருக்கு, என்டி எண்டு சொல்றது. ரிப்போர்ட்டில "என்டி 1.4 மி.மீ" எண்டு அச்சில வந்துட்டா அதை ஒருத்தரும் திருப்பிக் கேக்கிறதில்ல. தசமப் புள்ளி எல்லாம் போட்டு வந்த இலக்கம் தானே, மெஷின் அளந்து சொன்னது எண்டு நினைக்கிறாங்க. மெஷின் அதை அளக்கல்ல. வயித்துக்கு மேல ப்ரோபை வச்சு, பிள்ளை சரியாப் புரளும் வரைக்கும் காத்திருந்து, படத்தை நிப்பாட்டி, ரெண்டு சின்னச் சிலுவைக் குறியை ஒரு மனிசர் தன்ட கையால கொண்டுபோய் வைக்கிறார், அதுக்குப் பிறகு அந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கிற தூரத்தை எழுதுறது மட்டும் தான் மெஷினிட வேலை. சிலுவை வச்ச இடம் பிழையெண்டா இலக்கமும் பிழை, ஆனா அச்சில பாத்தா சரியான இலக்கமும் பிழையான இலக்கமும் ஒரே மாதிரித் தான் இருக்கும்.

நான் திருகோணமலைக்காரி, டொக்டர், கர்ப்பகால ஸ்கேன் செய்யிறது தான் என்ட வேலை. இஞ்ச சனங்கள் கதைக்கிறதைக் கேட்டா எல்லாக் கதையும் மெஷினைப் பற்றித் தான், எந்த இடத்தில புது மெஷின் வந்திருக்கு, எங்க போனா பிள்ளையிட முகம் 4டியில தெரியும், கொழும்புக்குப் போய் பெரிய டொக்டரை சனல் பண்ணிப் பாத்தா நல்லமோ எண்டு. அளக்கிற ஆள் எப்பிடிப் பழகினவர், அளந்ததைப் பிறகு ஆராவது எடுத்துப் பாக்கிறாங்களா, இதை ஒருத்தரும் கேக்கிறதில்ல. என்னைக் கேட்டா அது தான் முதல் கேக்க வேண்டிய கேள்வி. அதுக்காகத் தான் இதை எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும்.

என்டி எண்டது என்னெண்டு முதல்ல சொல்லிடுறன். 11 வாரத்தில இருந்து 13 வாரம் 6 நாள் வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கழுத்துக்குப் பின்னால, தோலுக்குக் கீழ, கொஞ்சம் நீர் நிக்கும், ஸ்கேனில அது ஒரு கறுத்த பட்டையாத் தெரியும், அந்தப் பட்டையிட தடிப்பு தான் என்டி. எல்லாருக்கும் இருக்கிறது, அதில பயப்பட ஒண்டுமில்ல. அந்தப் பட்டை வழமையைவிடத் தடிப்பா இருந்தா தான் டவுன் சிண்ட்ரோம் போல குரோமசோம் வித்தியாசங்களோ இதயக் குறைபாடோ இருக்கிற வாய்ப்புக் கூடுது. லாங்டன் டவுன் எண்ட இங்கிலாந்து டொக்டர் 1866லயே டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிட தோல் உடம்புக்குப் பெரிசாப் போன மாதிரி இருக்கு எண்டு எழுதி வச்சிட்டுப் போனவர். 1992ல லண்டனில கிப்ரோஸ் நிக்கொலைடிஸ் எண்ட பேராசிரியரிட குழு அந்தத் தோலுக்குக் கீழ இருக்கிற நீரைப் பிள்ளை பிறக்கிறதுக்கு முந்தியே, மூண்டாம் மாசத்திலயே அளந்து பாக்கலாம் எண்டு எழுதினாங்க.

அதுக்குப் பிறகு வந்த கணக்கு பெரிய கணக்கு. தாய்ட வயசை மட்டும் வச்சுப் பாத்தா டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கர்ப்பத்தில 30 அளவில தான் பிடிபடும், வயசோட என்டியும் சேர்ந்தா 75 - 80, தாய்ட ரத்தத்தில பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்சிஜி எண்ட ரெண்டு புரதத்தையும் சேர்த்துப் பாத்தா 90 அளவுக்குப் போகும். மூண்டுக்குமே 100ல 5 தாய்மாரை, பிள்ளைக்கு ஒண்டுமில்லாமலே, மேல்பரிசோதனை எண்டு பயப்படுத்த வேண்டி வரும். அந்த 90 எண்ட இலக்கத்தைத் தான் எல்லாரும் சொல்லிக்காட்டுவாங்க. அது நல்லாப் பழகின கையால, ஒரே விதிமுறையில அளந்த ஆக்களிட இலக்கம் எண்டதைச் சொல்ல மாட்டாங்க.

விதிமுறை எண்டா உண்மையிலயே கடுமையானது. பிள்ளையிட தலையும் மேல் நெஞ்சும் மட்டும் திரையை நிரப்புற அளவுக்குப் படத்தைப் பெருப்பிக்க வேணும், சிலுவையை ஒருக்கா நகர்த்தினா அளவு 0.1 மி.மீ மட்டும் தான் மாற வேணும். பிள்ளை சரியான பக்கவாட்டில இருக்க வேணும், மூக்கு நுனி தெரிய வேணும், அண்ணம் நீள்சதுரமாத் தெரிய வேணும், மூளைக்கு நடுவில கறுத்த பகுதி தெரிய வேணும், இதில ஒண்டு இல்லாட்டியும் நாங்க பாக்கிறது நடுக்கோட்டு வெட்டு இல்ல, சாய்ஞ்ச வெட்டு. பிள்ளை தலையை நிமித்தி அண்ணாந்து கிடந்தா அளவு 0.6 மி.மீ வரைக்கும் கூடும், நாடியை நெஞ்சில குத்திக்கொண்டு கிடந்தா 0.4 மி.மீ வரைக்கும் குறையும். தோலுக்குப் பின்னால, பிள்ளையைச் சுத்தி இருக்கிற அம்னியன் சவ்வும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாத் தான் தெரியும், அவசரத்தில அதைத் தோல் எண்டு எடுத்தா அளவு எங்கயோ போயிடும், அதனால பிள்ளை ஒருக்கா துள்ளி சவ்வில இருந்து விலகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேணும். தொப்புள்கொடி கழுத்தைச் சுத்தி இருந்தா கொடிக்கு மேலயும் கீழயும் அளந்து சராசரி எடுக்கிறது. சிலுவையிட குறுக்குக் கோடு வெள்ளைக் கோட்டுக்கு மேலயே, உள் விளிம்பில, கோட்டோட கோடாக் கலந்து நிக்க வேணும், கறுப்புக்குள்ள விழவும் கூடாது வெள்ளையைத் தாண்டவும் கூடாது. படத்திட வெளிச்சத்தைக் கூட்டினா வெள்ளைக் கோடு தடிச்சு நடுவில இருக்கிற கறுப்பு ஒடுங்கிப் போகும், அதால கெயின் எண்ட அந்த வெளிச்சத்தைக் குறைக்க வேணும், ஹார்மொனிக் எண்ட படத்தைத் தெளிவாக்கிற வசதியை நிப்பாட்ட வேணும். பிறகு ஒருக்கா அளந்து விடுறதில்ல, சில தரம் அளந்து, சரியான படங்களில வந்த பெரிய அளவை எடுக்கிறது.

கிளினிக் நாளில வெளிய வாங்கில் நிரம்பி வழிஞ்சுகொண்டு இருக்கேக்க, ஏசி வேலை செய்யாட்டி அறை அடுப்பு மாதிரிக் கொதிக்கேக்க, பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கேக்க இதெல்லாத்தையும் செய்யோணும். அந்தத் தாயை எழும்பி வெளிய ஒரு கால்மணித்தியாலம் நடந்துட்டு வாங்கோ எண்டு சொல்றதுக்கு மனத்துணிவு வேணும், ஏனெண்டா வெளிய இருக்கிற எல்லாரும் முறைப்பாங்க. ஆனா அப்பிடிச் சொல்றவர் தான் நல்ல ஸ்கேன் டொக்டர் எண்டு நான் நம்புறன். "பிள்ளை காட்டுதில்லையாம், நடக்கச் சொல்லிட்டாங்க" எண்டு மாமிமார் வந்து குறை சொல்லுவாங்க, அவங்களுக்கு நான் சொல்றது, அம்மா, உங்கட மருமகளுக்காகத் தான் காத்திருக்கிறம்.

இவ்வளவு கவனம் எதுக்கு எண்டா, நடு அளவு எண்டதே சின்னது. உச்சியில இருந்து பிட்டம் வரைக்கும் நீளம் 45 மி.மீ இருக்கிற பிள்ளைக்கு என்டியிட நடு அளவு 1.2 மி.மீ, 84 மி.மீ இருக்கிற பிள்ளைக்கு 1.9. ரெண்டுக்கும் மேல் எல்லை, அதாவது 100 பிள்ளைகளில 95 பிள்ளைகள் அதுக்குக் கீழ இருக்கிற அளவு, 2.1ம் 2.7ம். இதுக்குள்ள 1.5 வர வேண்டிய இடத்தில ஒருத்தர் 1.2 எண்டு அளந்தா அது 20 வீதப் பிழை. சிலுவையை மூண்டு தட்டு உள்ளுக்குத் தட்டினா போதும்.

இனித் தான் நான் சொல்ல வந்த விசயம். பிழையில ரெண்டு வகை இருக்கு. ஒருநாள் கூட, ஒருநாள் குறைய எண்டு சிதறிப் போற பிழை ஒண்டு, அது எந்தக் கைக்கும் உண்டு. மற்றது எப்பவும் ஒரே பக்கம் சாயிற பிழை, ஒருத்தர் பழகின பழக்கத்தில எல்லாத் தாய்மாருக்கும் கொஞ்சம் குறைச்சே அளப்பார், இல்லாட்டி கொஞ்சம் கூட்டியே அளப்பார். இந்த ரெண்டாவதை ஒரு படத்தை வச்சுக் கண்டுபிடிக்கிறது சரியான கஷ்டம், படம் வடிவா இருக்கும், மூக்கும் இருக்கும் அண்ணமும் இருக்கும், 1.3 எண்டது ஒரு பிள்ளைக்கு உண்மையிலயே சரியான அளவாவும் இருக்கலாம். அந்த ஆளிட நூறு அளவுகளை ஒரே தாளில புள்ளி போட்டுப் பாத்தா தான் தெரியும். கணக்கு இலேசு, சரியா அளக்கிற ஆளிட புள்ளிகளில பாதி நடுக்கோட்டுக்கு மேலயும் பாதி கீழயும் நிக்கும், 100க்கு 5 அளவில மேல் எல்லையைத் தாண்டும். நூறில ஒண்டு கூடத் தாண்டல்ல எண்டா திருகோணமலைப் பிள்ளைகள் எல்லாம் அவ்வளவு சுகம் எண்டு அர்த்தமில்ல, அளக்கிற கை உள்ளுக்குச் சாயுது எண்டு தான் அர்த்தம். குறைச்சு அளந்தா பிடிபட வேண்டிய பிள்ளை தப்பிப் போகும், கூட்டி அளந்தா ஒரு பிரச்சினையும் இல்லாத தாய் வாரக்கணக்கா நித்திரை இல்லாமக் கிடப்பா. ரெண்டும் பெரிய பிழை தான், ஆனா அளந்தவருக்கு ரெண்டுமே தெரிய வராது, ஏனெண்டா அந்தத் தாய் திரும்பி அந்த அறைக்கு வாறதில்ல.

இப்பிடிப் புள்ளி போட்டுப் பாக்கிற முறை ஆஸ்பத்திரியில பிறந்ததில்ல. 1924ல அமெரிக்காவில டெலிபோன் சாமான் செய்யிற கம்பெனியில வேலை செய்த வால்டர் ஷூஹார்ட் எண்டவர், சாமான் செய்து முடிச்ச பிறகு கழிச்சு எறியிறதை விட, செய்யிற போக்கு எப்ப வழி மாறுது எண்டு கோடு கீறிப் பாப்பம் எண்டு தொடங்கினவர். 1954ல இங்கிலாந்தில பேஜ் எண்ட புள்ளியியல்காரர் ஒவ்வொரு சின்ன விலகலையும் கூட்டிக்கொண்டே போற ஒரு முறையைக் கொண்டுவந்தார், கியூசம் எண்டு சொல்றது, ஒரு நாளில தெரியாத சின்னச் சாய்வு கூட்டிக்கொண்டு போகேக்க ஏணி மாதிரி ஏறியோ இறங்கியோ தன்னைக் காட்டிக் குடுத்துடும். இண்டைக்கு லண்டனில இருக்கிற ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் என்டி சான்றிதழ் குடுக்கேக்க படங்களை வாங்கிப் பாத்துத் தான் குடுக்குது, பிறகும் அளவுகளை அனுப்பச் சொல்லி ஓடிட் பண்ணுது. டெலிபோனுக்குச் செய்த கவனத்தைப் பிள்ளைக்குச் செய்யாம விடலாமா?

எங்கட வட்டத்தில நாங்க சில பேர் சேர்ந்து இதைத் தொடங்கியிருக்கிறம், பெரிய திட்டம் ஒண்டுமில்ல, ஒரு எக்செல் ஷீட்டும் வாட்ஸ்அப் குரூப்பும் தான். தாய்ட பேரும் நம்பரும் இல்லாம படத்தை மட்டும் போடுறம், இன்னொருத்தர் படத்திட தரத்துக்குப் புள்ளி குடுக்கிறார், அளவுகளை ஷீட்டில கோட்டுக்கு மேல கீழ எண்டு புள்ளியாக் குறிக்கிறம். அப்பிடிக் குறிச்சதில ஒரு சிநேகிதியிட அளவுப் புள்ளிகள் கனக்க நடுக்கோட்டுக்குக் கீழயே கிடந்தது. அவ எங்களில மிகக் கவனமான ஆள், அவட படங்களைத் திரும்ப எடுத்துப் பாத்தா காரணம் தெரிஞ்சது, படத்தைப் போதுமான அளவுக்குப் பெருப்பிக்காம விட்டதால சிலுவை வெள்ளைக் கோட்டில நிக்காம கறுப்புக்குள்ள நிண்டது. பெருப்பிச்சு அளக்கத் தொடங்கின பிறகு புள்ளிகள் ரெண்டு பக்கமும் பரவி வந்தது. அவ சொன்ன ஒரு வசனம்: "இத்தனை காலமும் எனக்கு ஒருத்தரும் சொல்லலையேடி." சொல்லக்கூடிய நிலையில ஒருத்தரும் இருக்கல்ல எண்டது தான் உண்மை, பாத்தா தானே சொல்றது.

எங்கட ஆஸ்பத்திரிப் பழக்கவழக்கத்தில ஒருத்தர் அளந்ததை இன்னொருத்தர் பாக்கிறது எண்டா மரியாதைக் குறைவு எண்டு எடுக்கிறாங்க. பெரியவங்கட படத்தைச் சின்னவங்க பாக்கவே கூடாது. இதை மாத்தாம ஒண்டும் நடக்காது, அதால நாங்க ஒரு ஒழுங்கு வச்சிருக்கிறம், ஒருத்தரிட புள்ளி போட்ட தாளை முதல்ல அவருக்கு மட்டும் தான் காட்டுறது, குரூப்பில போடுறதா இல்லையா எண்டு அவர் முடிவெடுப்பார். இதுவரைக்கும் ஒருத்தரும் மறைக்கல்ல.

என்டிக்கு மட்டும் இல்ல இந்தக் கதை. மூண்டாம் மாசத்தில உச்சியில இருந்து பிட்டம் வரைக்கும் அளக்கிற நீளத்தை, நாங்க சிஆர்எல் எண்டு சொல்றது, வச்சுத் தான் பிள்ளை பிறக்கிற திகதியைப் போடுறம். 1973ல கிளாஸ்கோவில ரொபின்சன் எண்டவர் காட்டின வழி அது, இன்னும் அதைவிட நல்ல வழி ஒண்டும் வரல்ல. 11 - 13 வாரத்தில பிள்ளை நாளுக்கு 2 மி.மீ அளவில வளருது, அப்ப சாய்ஞ்ச வெட்டில 6 மி.மீ குறைச்சு அளந்தா மூண்டு நாள் போச்சு. மூண்டு நாள் தானே எண்டு விடலாம், ஆனா என்டியிட நடு அளவு இந்த நீளத்தை வச்சுத் தான் கணக்குப் போடுறது, பாப்-ஏயிட நடு அளவும் அப்பிடித் தான், அது அந்த வாரங்களில வேகமா ஏறுற சாமான். நீளத்தைக் கூட்டி அளந்தா பிள்ளைக்கு வயசு கூடினதாக் கணக்கு வரும், அந்த வயசுக்கு ரத்தத்தில பாப்-ஏ காணாது எண்டு கம்பியூட்டர் சொல்லும், தாய்க்கு ரிஸ்க் கூட எண்டு ரிப்போர்ட் வரும். ஒரு சிலுவையிட பிழை மூண்டு இடத்தில தன்ட வேலையைக் காட்டும்.

இந்த மாவட்டத்தில திகதி எண்டது பெரிய விசயம். புல்மோட்டையில இருந்தும் வெருகலில இருந்தும் வாற தாய்மார் கனபேர் பிந்தித் தான் முதல் ஸ்கேனுக்கு வருவாங்க, கடைசியா மாதவிடாய் வந்த திகதி கேட்டா "பெருநாளுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி", "கோயில் திருவிழா முடிஞ்ச கையோட" எண்டு சொல்லுவாங்க. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து எவ்வளவோ சுகம், அதுக்கு முந்தி பாதை எண்ட படகில ஏறி இறங்கி வந்த கதையை வயசான மிட்வைஃப்மார் சொல்லக் கேக்க வேணும். சிஆர்எல் 84 மி.மீ தாண்டினா பிறகு தலைச் சுத்தளவைத் தான் பாக்க வேணும், வாரம் போகப் போகத் திகதியிட துல்லியம் குறையும். குறைமாசத்தில வலி வந்தா ஸ்டீரொய்ட் ஊசி போடுறதா, 41 வாரத்தில வலி வரப்பண்ணுறதா, பிள்ளை வளரல்லையா இல்லாட்டி திகதி தான் பிழையா, எல்லா முடிவும் அந்த முதல் அளவில போய் நிக்குது. அதால தான் மிட்வைஃப் மிஸ் வீட்ட வந்து "பிள்ளை, முதல் ஸ்கேனுக்குப் போனியா" எண்டு கரைச்சல் குடுக்கிறா, அந்தக் கரைச்சலுக்கு நன்றி சொல்லுங்கோ.

பிந்தின மாசங்களில பிள்ளையிட வயித்துச் சுத்தளவு தான் எல்லாரையும் சோதிக்கிற அளவு. ஒரே பிள்ளையை ரெண்டு பேர் அளந்தா தலையும் தொடை எலும்பும் ஓரளவு ஒத்துப்போகும், வயிறு விலகும். வட்டமான வெட்டா இருக்க வேணும், இரைப்பை தெரிய வேணும், கல்லீரலுக்குள்ள நாளம் வளையிற இடம் தெரிய வேணும், சிறுநீரகம் தெரியக் கூடாது. 2006ல சலமோன் எண்டவரும் கூட்டாளிகளும் இப்பிடி ஒவ்வொண்டுக்கும் ஒரு புள்ளி எண்டு தலைக்கு 6, வயித்துக்கு 6, தொடை எலும்புக்கு 4, மொத்தம் 16 புள்ளி வச்சாங்க, நாங்க குரூப்பில படத்துக்குக் குடுக்கிறதும் அதே மாதிரியான புள்ளி தான். எல்லாம் சரியாச் செய்தாலும் இந்த அளவுகளை வச்சுக் கணக்குப் போட்ட பிள்ளையிட நிறை 15 வீதம் கூடவோ குறையவோ போகலாம், 3 கிலோ எண்டா 450 கிராம் அங்கால இங்கால. இது தெரியாததால பிறந்த பிறகு "ஸ்கேனில 3.2 எண்டாங்க, பிள்ளை 2.8 தானே" எண்டு சண்டை வருது.

இதில இன்னொரு பிழை இருக்கு, அது கையில இல்ல, மனசில. ரிப்போர்ட்டில 32 வாரம் எண்டு முதலே தெரிஞ்சா, திரையில 30 வாரத்து அளவு வந்தா கை தன்ட பாட்டில சிலுவையைக் கொஞ்சம் வெளியால தள்ளிப் பாக்கும். பிள்ளை வயித்துக்குள்ள எப்பிடி வளருது எண்டு பாத்து 2014ல வெளிவந்த இன்டர்குரோத்-21 ஆய்வில எட்டு இடங்களில, எங்களுக்குக் கிட்ட நாக்பூரும் அதில ஒண்டு, தாய்மாரை அளக்கேக்க இலக்கத்தைத் திரையில மறைச்சு வச்சுத் தான் அளந்தாங்க, ஒவ்வொண்டும் மூண்டு தரம், புதுப் படம் எடுத்து. எங்கட மெஷின்களில இலக்கத்தை மறைக்கிறது கஷ்டம், ஆனா திகதி பாக்க முந்தி அளந்து எழுதிட்டுப் பிறகு கர்ப்பிணி அட்டையைத் திறக்கலாம், அதுக்குச் செலவில்ல.

மெஷினையும் விட்டுட ஏலாது. திருகோணமலையில கடலுக்குப் போற ஆக்களுக்கு எக்கோ சவுண்டர் தெரியும், சத்தத்தை அனுப்பி அது திரும்பி வாற நேரத்தை வச்சு ஆழம் சொல்றது, ஸ்கேன் மெஷினும் அதே தான் செய்யுது. 1950களில கிளாஸ்கோவில இயன் டொனால்ட் முதல்ல எடுத்த மெஷினே இரும்பில வெடிப்புப் பாக்கிற மெஷின், அதைச் செய்த கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனி கப்பலுக்கு எக்கோ சவுண்டர் செய்த கம்பெனி தான். மெஷினுக்குத் தெரிஞ்சது நேரம் மட்டும், உடம்புக்குள்ள சத்தம் செக்கனுக்கு 1540 மீட்டர் போகும் எண்டு எடுத்துக்கொண்டு தூரமா மாத்துது. சரியா மாத்துதா எண்டு பாக்க, உள்ளுக்குத் தெரிஞ்ச தூரத்தில நூல்கள் வச்ச ஃபான்டம் எண்ட பெட்டி இருக்கு, அதை அளந்து பாக்க வேணும். கரண்ட் போய்ப் போய் வாற இடத்தில, உப்புக் காத்து அடிக்கிற ஊரில மெஷின் கெதியா வயசு போகும். ஃபான்டம் இல்லாத இடத்தில செய்யக்கூடிய ஒண்டு, ஜெல் போடாம ப்ரோபிட முகத்தில ஒரு பேப்பர் கிளிப்பை மெதுவா இழுத்துக்கொண்டு போறது, திரையில அதிட எதிரொலி கூடவே வரும், எந்த இடத்தில மங்குதோ அந்த இடத்துக் கிறிஸ்டல் செத்துப் போச்சு எண்டு அர்த்தம். அஞ்சு நிமிச வேலை.

சில பேர் என்னைக் கேப்பாங்க, இலங்கைச் சட்டத்தில, 1883ல வந்த தண்டனைச் சட்டக்கோவையில, தாய்ட உயிரைக் காப்பாத்த மட்டும் தானே கருக்கலைப்புக்கு இடமிருக்கு, அப்ப டவுன் சிண்ட்ரோம் பாத்து என்ன பலன் எண்டு. எனக்கு இந்தக் கேள்வி பிடிக்காது எண்டு நேராவே சொல்றன். தெரிஞ்சுகொள்றது ஒரு முடிவுக்காக மட்டும் இல்ல. என்டி 3.5 மி.மீ தாண்டின பிள்ளைக்குக் குரோமசோம் சரியா இருந்தாலும் இதயத்தைத் திருப்பிப் பாக்க வேணும், இதயத்தில ஓப்பரேஷன் வேணுமெண்டா கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி போல தூர இடத்துக்குப் போக வேணும், கொழும்பெண்டா இஞ்ச இருந்து 260 கிலோமீட்டர் அளவில. பிறந்து நீலம் பாரிச்ச பிறகு அம்புலன்சில ஓடுறதும், முன்கூட்டியே அந்த ஊரிலயே பிள்ளைப்பேற்றை ஒழுங்கு பண்ணுறதும் ஒண்டா? டவுன் சிண்ட்ரோமோட பிறக்கப்போற பிள்ளையிட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆயத்தமாக ஆறு மாசம் கிடைக்கிறது சின்ன விசயமா? தெரியாம இருக்கிறது நல்லம் எண்டு நினைக்கிற தாயும் இருக்கிறா, அவவுக்கு அளக்காம விடுற உரிமை இருக்கு, ஆனா அளந்தா சரியா அளக்க வேணும்.

தாய்மாருக்கு ரெண்டு மூண்டு விசயம் சொல்றன். ரிப்போர்ட்டோட படத்தையும் கேட்டு வாங்குங்கோ, அளந்த சிலுவைக் குறி தெரியிற படம், முகம் தெரியிற வடிவான படம் இல்ல. அது சூடு பட்டா மாறுற தாள், எங்கட வெயிலுக்குக் கொஞ்சக் காலத்தில மங்கிப் போகும், ஆசையில லேமினேட் பண்ணினா முழுக்கக் கறுத்துப் போகும், கனபேர் அப்பிடி இழந்திருக்கிறாங்க. அண்டைக்கே ஃபோனில படம் எடுத்து வச்சிட்டு, தாளை கர்ப்பிணி அட்டைக்குள்ள வையுங்கோ. முதல் ஸ்கேனில போட்ட திகதியைப் பிந்தின ஸ்கேனை வச்சு மாத்தினா, ஏன் மாத்துறீங்க டொக்டர் எண்டு கேளுங்கோ. "இண்டைக்குப் படம் சரியா வரல்ல, இன்னொருநாள் வாங்கோ" எண்டு சொல்ற டொக்டரில கோபப்படாதீங்கோ.

அடுத்த மாசத்தில இருந்து எங்கட ஷீட்டில வயித்துச் சுத்தளவையும் சேர்க்கிறம், ஒரே பிள்ளையை ரெண்டு பேர் ஒருத்தர் அளந்ததை மற்றவர் பாக்காம அளந்து வித்தியாசத்தை எழுதுறது தான் யோசனை, தாய்மாரைக் கேட்டு, விருப்பமான ஆக்களிட மட்டும். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் ஸ்கேன் செய்யிற ஆக்கள் ஆராவது சேர விருப்பமெண்டா வாங்கோ, சிங்களத்திலயோ தமிழிலயோ எழுதலாம். ஃபான்டம் ஒண்டு பொதுவா வாங்கி இடத்துக்கிடம் மாத்தி மாத்திப் பாவிக்க ஏலுமா எண்டும் விசாரிச்சுக்கொண்டு இருக்கிறம், அதைப் பற்றித் தெரிஞ்ச ஆக்களும் எழுதுங்கோ.